ரயில் ஓட்ட என்ன படிக்க வேண்டும்

பிளஸ் டூ எழுதி முடித்த வருடம் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அடுத்து என்ன படிக்கப் போற?" என்ன வேலை பார்க்கப் போகிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. திருச்சுழி கடைவீதியில் எங்களுக்குப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை வியாபாரம். வருகிற விவசாயச் சம்சாரிகள் ஆட்டுக்கா மாட்டுக்கா என்று சொல்லிவிட்டுத்தான் தீவனம் கேட்பார்கள். படிப்பை மட்டும் எதற்கென்று கேட்காமலே வாங்கிவிட எல்லாரும் தயாராக இருந்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிப்பதில்லை.

எனக்கு வேலைதான் முதலில் தெரிந்தது. பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு சாயங்காலம் ரயில்வே கேட்டில் சைக்கிளோடு நின்றிருந்தேன். கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, சிக்னல் கிடைக்காமல் ஒரு பாசஞ்சர் ரயில் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் ஜன்னலில் ஒரு பெண். இறுக்கிப் பின்னிய சடை, கையை மடித்துவிட்ட சட்டை. டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கொஞ்சம்கூட அவசரமில்லாமல். இந்தப் பக்கம் நரிக்குடி பஸ், கரிமூட்டை ஏற்றிய லாரி, கட்சிக் கொடி கட்டிய ஒரு கார், வரிசையாக பைக்குகள். கார்க்காரர் ஹாரன் அடித்துப் பார்த்தார். அந்த அம்மா ஊறுகாயைத் தொட்டுக்கொண்டாரே தவிர, திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் சிக்னலுக்காகத்தான் நிற்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு பெண் சாப்பிட்டு முடிக்கும்வரை கடைவீதி ஆண்கள் அத்தனை பேரும் வண்டியை நிறுத்திக் காத்திருந்தது போலத்தான் எனக்குப் பட்டது. எனக்கு அந்த இடம் வேண்டும் என்று நினைத்தேன். ஆசை என்று கூடச் சொல்ல மாட்டேன், பொறாமை.

அந்த வாரமே அம்மாவின் போனில் தேடினேன். ரயில்வே எப்போதோ ஆள் எடுத்தபோது வெளியிட்ட அறிவிப்பு கிடைத்தது. முதலில் உதவி ஓட்டுநர், அப்புறம் படிப்படியாக ஓட்டுநர். பத்தாம் வகுப்போடு ஐடிஐ படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் மாதிரிச் சில பிரிவுகளில் டிப்ளமோ. அதே பிரிவுகளில் பி.இ. முடித்தவர்களும் எழுதலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் எங்கேயும் இல்லை. அதற்குக் கீழே கண்ணைப் பற்றி எழுதியிருந்தது. கண்ணாடி போடாமல் பார்வை தெளிவாக இருக்க வேண்டும், நிறங்கள் பிரித்துத் தெரிய வேண்டும். என்ன படித்திருந்தாலும் கண் சரியில்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதனால் நான் எந்தக் கல்லூரிக்கும் போவதற்கு முன்னால் அருப்புக்கோட்டையில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். துணைக்கு ஒரு தோழியையும் கூட்டிக்கொண்டேன். "என்ன பண்ணுது?" என்று டாக்டர் கேட்டார். ஒன்றும் பண்ணவில்லை, ஒன்றும் பண்ணவில்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும், புள்ளி புள்ளியாக நிறம் தெளித்த புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகக் காட்டினார். எல்லா எண்ணும் தெரிந்தது. கீழே இறங்கி வந்து தோழிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். பொதுத்தேர்வு ரிசல்ட்டுக்குக்கூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

ரிசல்ட் வந்தது. மார்க் நன்றாகவே இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. மார்க் குறைந்திருந்தால் என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க யாருக்கும் மறுப்பு இருந்திருக்காது. நல்ல மார்க் வாங்கிய பிள்ளை, அதுவும் பிளஸ் டூ முடித்துவிட்டு, டிப்ளமோவில் நேராக இரண்டாம் வருடம் சேருகிறேன் என்று சொன்னால் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்தார்கள்.

"எலெக்ட்ரிக்கல்தேன் வேணும்னா பி.இ.யா படியேன்," என்றாள் அம்மா. "கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பின்னால டிப்ளமோன்னா போடுறது?"

"நாலு வருசம் எதுக்கும்மா? அந்த வேலைக்கு ரெண்டு வருசம் போதும். ஆள் எடுக்குறப்ப நான் ரெடியா இருக்கணும்."

"எடுக்கலைன்னா?"

"எடுக்கிற வரைக்கும் படிப்பேன்."

அப்பா எதுவும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் முடிவு எடுத்துவிட்டார் என்று அர்த்தம். அந்த முடிவை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் என் தாய்மாமா. பந்தல்குடியில் இருந்தார். ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரிக்குப் பிள்ளைகளைச் சேர்த்துவிடுவது அவருடைய வேலை. மோசமான மனிதர் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தால் உலகத்தில் எல்லாக் கஷ்டமும் தீர்ந்துவிடும் என்று உண்மையாகவே நம்பினார். நான் தோழி வீட்டுக்குப் போயிருந்த ஒரு காலையில் வீட்டுக்கு வந்தார். நல்ல நேரம் பார்த்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் என் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் வைத்து அப்பா அவரிடம் கொடுத்தார். எல்லாம் ஒரிஜினல். கூடவே அட்வான்ஸும். பெண் ஜாதகம் கொடுப்பதைப் போலத்தான் கொடுத்தார்கள், பெண்ணைக் கேட்காமல்.

எங்கள் பக்கத்தில் இந்தத் தவறைச் செய்யாத வீடு குறைவு. சீட்டுப் பிடித்து வைக்கிறோம் என்று ஒரிஜினலை வாங்கிக்கொள்வார்கள். அதற்கப்புறம் பிள்ளை வேறு எங்கேயும் போக முடியாது. பாலிடெக்னிக் கவுன்சலிங்குக்குப் போனால் முதலில் ஒரிஜினலைத்தான் கேட்பார்கள். அதற்கு நாள் நெருங்கிவிட்டிருந்தது. என் வழி அந்தக் கல்லூரியின் இரும்பு பீரோவுக்குள் கிடந்தது. எனக்கு வந்த கோபத்தில் மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் கடைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

கல்லூரி அலுவலகத்தில் ஏசி ஓடியது. அட்மிஷனைக் கவனிக்கிறவர் முதலில் மரியாதையாகத்தான் பேசினார். "என்னம்மா வேணும்?"

"என் சர்டிபிகேட் வேணும் சார். நான் இங்க சேரல."

"வேற எந்தக் காலேஜு?"

"பாலிடெக்னிக்."

மார்க் என்ன என்று கேட்டார். சொன்னேன். என்னை இன்னொரு தடவை பார்த்தார். இந்த மார்க்குக்குப் பாலிடெக்னிக் ஏன் என்றார். நான் மறைக்கவில்லை, ரயில் ஓட்டுவதற்கு என்றேன். அவர் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு, "இந்தப் புள்ள ரயில் ஓட்டப் போகுதாம்," என்றார். அவரும் சிரித்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை. பெற்றோர் வந்தால்தான் தருவோம் என்றார். சரி, தருகிறவரைக்கும் இங்கேயே இருக்கிறேன் என்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அவர் அப்பாவுக்குப் போன் போட்டார். அப்பா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. "வாங்க அண்ணாச்சி, வந்து கூட்டிட்டுப் போங்க," என்று இவர் சொன்னது மட்டும் கேட்டது.

அப்பா தன் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்து சேர்ந்தபோது சட்டையெல்லாம் தவிட்டுத் தூசி. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். என்னைப் பார்த்த பார்வையில் வீட்டுக்கு வா, இருக்கிறது உனக்கு என்று எழுதியிருந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அட்மிஷன்காரர் அவருக்கு நாற்காலி போட்டார். "சின்னப்புள்ள, ஏதோ ஆசையில பேசுது அண்ணாச்சி. எங்க ஆபீஸே சிரிச்சுப் போச்சு. செல்லம் குடுத்துட்டீங்க போல. வீட்டுல வச்சு ரெண்டு அறை விட்டீங்கன்னா கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு வந்திரும்."

அப்பா உட்காரவில்லை. "எதுக்குச் சிரிச்சீக?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி, ரயிலு…"

"எம் மகளப் பாத்துச் சிரிச்சீகளா?"

பக்கத்து மேஜைக்காரர் கம்ப்யூட்டருக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார்.

"சர்டிபிகேட்ட எடுங்க."

"உங்க மச்சான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"அவ அப்பன் நாந்தேன். மச்சான் இல்ல."

"அட்வான்ஸு திரும்ப வராது அண்ணாச்சி."

"அத நான் கேக்கலயே," என்றார் அப்பா. கடையில் எடையைக் குறைத்துச் சொல்கிறவர்களிடம் பேசுகிற அதே குரல். கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு தாளாக என்னிடம் காட்டி எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இருந்தது.

வண்டியில் ஏறுவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "ஒனக்காக வாங்கலத்தா. அவன் சிரிச்சான், அதுக்காக வாங்குனேன். ரயிலும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

"எதுக்கு வாங்குனீகளோ, வாங்கிட்டீகள்ல. ஃபைல எங்கிட்டக் குடுங்க."

"வீட்ல போயித் தாரேன்."

"இப்பக் குடுங்கப்பா."

கொடுத்தார். வழியெல்லாம் இரண்டு பக்கமும் வேலிக்கருவை, நடுவில் வெயில், முன்னால் அப்பாவின் முதுகு. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவர் பார்க்க முடியாது என்பது இன்னும் சந்தோஷமாக இருந்தது.

அரசு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் கிடைத்தது. வகுப்பில் பெண்களை ஒரு பெஞ்சில் அடக்கிவிடலாம். படித்து முடித்தேன். ரயில்வே ஆள் எடுக்கவில்லை. அந்தக் காலத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆகவே நானாகச் சொல்கிறேன். அருப்புக்கோட்டையில் மோட்டார் காயில் கட்டுகிற ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டு, பஸ்ஸில் உட்கார்ந்து ரயில்வே பரீட்சைக்குக் கணக்குப் போட்டுப் பழகினேன். ராத்திரியில் போன் பார்ப்பதை விட்டேன், கண்ணுக்காக. மாமா வரும்போதெல்லாம், என்னோடு படித்தவர்கள் சென்னையில் ஐடி கம்பெனியில் என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். "அன்னைக்கே சொன்னேன்," என்று முடிப்பார். அந்த வாக்கியத்தை நான் வெறுத்தேன். ரயில்வே கடைசிவரை ஆள் எடுக்காமலே போயிருக்கலாம், பரீட்சையில் நான் தோற்றிருக்கலாம், கண் கெட்டிருக்கலாம். அப்போதும் நான் போட்ட கணக்கு சரிதான். வேலையைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுத்தவள் தோற்றால் எங்கே தோற்றாள் என்றாவது அவளுக்குத் தெரியும். ஊரார் சொன்னதைப் படித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிற பட்டதாரிகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் யாரும் அன்னைக்கே சொன்னேன் என்று சொல்வதில்லை.

பிறகு அறிவிப்பு வந்தது. எழுதினேன், தேறினேன். மருத்துவப் பரிசோதனையில் கண்ணைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். பயிற்சி முடிந்து இப்போது உதவி ஓட்டுநராக இருக்கிறேன்.

அப்பா இது வரைக்கும் என்னிடம் நல்லது என்றோ கெட்டது என்றோ சொன்னதில்லை. ஊரில் யாராவது கேட்டால், "ரயில்வேயில இருக்கா," என்பார். அதோடு நிறுத்திவிடுவார். டிக்கெட் கொடுக்கிறேனா, கணக்கு எழுதுகிறேனா என்று கேட்பவர்கள் இஷ்டம்போல நினைத்துக்கொள்ளலாம். இது எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. சிரித்தவனிடம் சண்டைக்குப் போனவர், சிரிக்காதவர்களிடம் ஏன் மறைக்கிறார் என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

போன மாதம் லீவில் வந்திருந்தபோது கடையில் உட்கார்ந்திருந்தேன். பரளச்சியிலிருந்து ஒரு பெரியவர் பருத்திக்கொட்டை வாங்க வந்தார். அப்பாவுக்கு நீண்ட நாள் வாடிக்கை. என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "மகளா? என்ன செய்யுது?" என்று கேட்டார்.

"ரயில்வேயில," என்று உரக்கச் சொன்னார் அப்பா, மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டே.

"ஆபீஸ்லயா?"

அப்பா தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"ஆபீஸ் இல்லங்கய்யா. எஞ்சின்ல. ரயில் ஓட்டுற வேலை."

பெரியவர் என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் கை சணல் கயிற்றில் அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்குச் சண்டைதான் என்று நினைத்தேன். சண்டைக்குத் தயாராகவும் இருந்தேன்.

அப்பா முடிச்சை இழுத்து இறுக்கினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அவுகளுக்குக் காது மந்தம்," என்றார். "சத்தமாச் சொல்லு."

சொன்னேன். எஞ்சின் இரைச்சலில் தினமும் ஓட்டுநருக்குச் சிக்னலைக் கூவிச் சொல்லிப் பழகிய தொண்டை. எதிரே டீக்கடையில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.