முதுகில் வெட்டிய சட்டை

அளவெடுக்கும்போது தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்பவர்களை எங்கள் தெரு டெய்லரம்மா விடமாட்டார். "வயித்த விடுங்க சார், சட்டையப் போட்டுக்கிட்டு மூச்சும் விடணும்ல" என்பார். முன்னறையில் தையல் மெஷின், பின்னறையில் படுக்கையில் மாமனார். கணவர் லாரி ஓட்டுகிறார், பாசமெல்லாம் போனில்தான்.

மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்த பிறகும் உத்தியோகத்தை விடவில்லை. பார்க்க வருகிறவர்களிடம் நல்ல கையை நீட்டி, "டிக்கெட்?" என்பார். வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அவரைப் புரட்டிவிட ஒரு கை கொடுங்கள் என்றால் மட்டும் அத்தனை பேருக்கும் இடுப்பு வலி.

பிறகு விழுந்த கையின் தோள் இறுகிப்போனது. சட்டை மாட்டினால் துடித்தார். "போர்வை போதும்" என்று அவர் மகள், அதாவது டெய்லரம்மாவின் நாத்தனார், தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து யார் வந்தாலும் மாமனார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் சில வாரம் என்றிருந்தார். அந்தச் சில வாரத்தையும் சுவருக்குத் தாரைவார்க்க டெய்லரம்மாவுக்கு மனமில்லை.

மாமனாருடைய பழைய சட்டையை எடுத்து, முதுகை மேலிருந்து கீழ்வரை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தார். கையின் அடித்தையலைப் பிரித்து நாடா வைத்தார். வலிக்காமல் மாட்டி, கழுத்துவரை பட்டன் போட்டார்.

"முன்னாடி ஆபீசர், பின்னாடி காத்தோட்டம். எப்படி மாமா?"

"எங்க டிபார்ட்மென்டே அப்படித்தாம்மா ஓடிச்சு."

மறுவாரம் நாத்தனார் பெட்டியோடு வந்தார். உள்ளே சந்தன நிறத்தில் புதுச்சட்டை. "பீரோல வை. கடைசியாப் போட்டு அனுப்பறதுக்கு" என்று முன்னறையில் கிசுகிசுத்தார். மாமனாருக்கு விழுந்தது ஒரு பக்கம்தான், காது விழவில்லை. மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

டெய்லரம்மா சட்டையை மேசையில் விரித்துக் கத்தரியை வைத்தார்.

"ஏய், என்ன பண்ற? அது அப்புறத்துக்கு."

"அப்புறம் அவரு கண்ணாடி பாக்கமாட்டாரு அண்ணி. இப்பப் பாப்பாரு."

பார்த்தார். சட்டையை மாட்டிவிட்டதும் மாமனார் கண்ணாடியில் இடமும் வலமுமாகப் பார்த்தார். பிறகு மகளிடம் கையை நீட்டினார். "டிக்கெட்?"

நாத்தனார் கைப்பையைத் துழாவி, வந்த பஸ் டிக்கெட்டைக் கொடுத்தார். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"எறங்க வேண்டிய எடம் இதுதான். உக்காரு."

பத்து நிமிடத்துக்கு மேல் அந்த வீட்டில் தங்காதவர், அன்று பொழுது சாயும்வரை அப்பா பக்கத்திலேயே இருந்தார்.

அன்றிலிருந்து பத்தொன்பதாம் நாள் மாமனார் அதே சந்தனச் சட்டையில் கண் மூடினார். அவர் தம்பி எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"இவ்வளவு பெரிய மனுஷனக் கிழிஞ்ச சட்டையிலயா அனுப்பறது? கழட்டிட்டு வேற போடுங்க."

"கிழிஞ்சது இல்ல சின்ன மாமா, வெட்டித் தச்சது. ஆசை ஆசையாப் போட்டுக்கிட்டது. கழட்டணும்னா நீங்களே வந்து புரட்டிக் கழட்டுங்க. போன மாசம் பூராக் கூப்பிட்டும் வராத கை, இன்னைக்காவது வருதான்னு நானும் பாக்கறேன்."

நாத்தனார் குனிந்து, அப்பாவின் காலர் பட்டனைச் சரிசெய்தார்.

சின்ன மாமனாருக்கு இடுப்பு வலி வந்துவிட்டது.