அமோனியாவின் தனி ஜோடி

பேருந்து ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஓரமாக வந்ததும் அமோனியா நெடி மூக்கில் ஏறியது. பக்கத்து சீட்டுக்காரர் முகம் சுளித்தார். எனக்கோ அது எங்கள் வீட்டு வாசனை.

நான் படித்த காலத்தில் அப்பா அந்த ஷாப்பில்தான் டிரம்மில் தோல் கழுவினார். "நெடி சட்டைக்கு, சோறு வயித்துக்கு" என்பார். அவர் சட்டையோடு ஒரே கொடியில் காய்ந்த என் பள்ளித் தாவணியிலும் அதே நெடி. அதனாலேயே பதினொன்றாம் வகுப்பில் என் பெஞ்சில் யாரும் உட்கார்ந்ததில்லை.

ஒருநாள் வேதியியல் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, போர்டில் அமோனியா மூலக்கூறை வரையச் சொன்னார். நடுவில் நைட்ரஜன், சுற்றி மூன்று ஹைட்ரஜன். ஒவ்வொன்றோடும் பங்குபோட்ட எலக்ட்ரான் ஜோடிக்கு இரண்டிரண்டு புள்ளி. கடைசியாக நைட்ரஜன் தலைமேல் யாரோடும் பங்குபோடாத ஒரு ஜோடி.

"இன்னாடி, அது மட்டும் உன்ன மாதிரி தனியா குந்தினு கீது?" என்றாள் முன் பெஞ்சு நஸ்ரின். வகுப்பே சிரித்தது.

"தனியா இருந்தாலும் வெறுங்கை இல்லடி. எலக்ட்ரானே இல்லாத ஹைட்ரஜன் அயனி வந்தா, ரெண்டையும் குடுத்துச் சேத்துக்கும். எங்கப்பா சட்டையில வீசறது இந்த அமோனியாதான்" என்றேன், சத்தமாகவே.

நான் சாக்பீஸை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள், நஸ்ரின் பையோடு என் பெஞ்சுக்கு வந்துவிட்டிருந்தாள்.

"தள்ளிக் குந்துடி. தண்ணிக்கு எத்தினி ஜோடி தனியா நிக்கும், சொல்லு."