டீச்சரின் டர்போ கார்

எண்பதுகளின் தொடக்கத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் நான் மெக்கானிக்காக இருந்தபோது அந்த டீச்சர் வந்தார். மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட சேலை. எதையும் சொல்லுமுன் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைப்பார். கப்பலில் வேலை செய்த அவருடைய கணவர், விடுமுறையில் வந்து, தங்கள் சின்னக் காருக்குக் கொழும்பில் டர்போ எஞ்சின் ஒன்றைப் பூட்டுவித்துவிட்டுத் திரும்பக் கடலுக்குப் போயிருந்தார். பிரேக்கை மட்டும் மாற்றவில்லை.

“இதைக் கழட்டிப்போட்டுப் பழைய எஞ்சினைப் பூட்டுங்கோ.”

“நல்ல எஞ்சின், டீச்சர். அவரைக் கேக்காமல் என்னால ஏலாது.”

“அப்ப ஏறுங்கோ.”

கடற்கரை வீதியில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். கார் பாய்ந்ததில் என் முதுகு கதிரையோடு ஒட்டிக்கொண்டது. வீதி முடிகிற இறங்குதுறையில் பலம் முழுவதையும் கொடுத்துப் பிரேக்கை மிதித்தார். அந்த வேகம் பழைய பிரேக்குக்கு அடங்கவில்லை. சில்லுகள் கிறீச்சிட்டு வழுக்க, நான் கத்தினேன். கடலுக்கு ஒரு முழம் இருக்கும்போது கார் நின்றது.

“நிக்காட்டி என்ன டீச்சர் நடந்திருக்கும்?”

அவர் கைகள் ஸ்டீரிங்கை விடவில்லை. “இதிலதான் என்ர பிள்ளையள் பள்ளிக்கு வருகினம். அதைத்தான் நானும் அவரிட்டக் கேட்டனான். ஒண்டும் நடக்காது எண்டார்.”

யாரையும் கேட்காமல் அன்றே எஞ்சினைக் கழற்றினேன். கார் நிற்கும் என்று அவர் நிச்சயமாக நம்பித்தான் அப்படி ஓட்டினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.