ஒட்டகம்

தண்ணீரை இரண்டு கன்னத்துக்கும் மாற்றி மாற்றிக் கொப்பளித்து, ஒரு சொட்டும் உள்ளே போய்விடாமல் துப்பிவிட்டு, அக்கா ஒரு சட்டைப் பொத்தானை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொள்கிறார். எச்சில் ஊற வேண்டுமே, அதற்கு. பிறகு கிரேன் ஏணியில் கால் வைக்கிறார். தினமும் இப்படித்தான், காலை ஆறு ஐம்பதுக்கு. இனி அவர் தண்ணீர் குடிப்பது மாலை நாலு மணிக்கு.

நூற்று நாற்பது படி. உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் உட்கார்ந்து குனிந்து பார்த்தபடியே கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரியில் வைப்பது அவர் வேலை. கீழே நின்று பெட்டி எண்ணையும் கிரேன் நிற்கிற நேரத்தையும் குறிப்பது என் வேலை. பதினாறு வருஷத்தில் ஒரு லாரியைக்கூட அவர் உரசியதில்லை. எங்கள் துறைமுகத்தில் கிரேன் ஓட்ட வந்த முதல் பெண் அவர்தான். போன மாதம் வரைக்கும் ஒரே பெண்ணும் அவர்தான்.

பெண்களுக்கான கழிப்பறை, பெட்டிகள் அடுக்கும் யார்டின் மறுகோடியில், அலுவலகக் கட்டடத்துக்குள் இருக்கிறது. இறங்கி, நடந்து, திரும்பி ஏற நாற்பது நிமிஷம் ஆகும். ஆண்களுக்கு என்ன, ஏதாவது ஒரு பெட்டி மறைவு போதும். சேர்ந்த முதல் வாரம் அக்கா ஒரே ஒரு தடவை இறங்கிப் போனார். கப்பல் காத்துக் கிடந்தது. லாரிக்காரர்கள் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. "பொம்பளைய மேல ஏத்துனா இந்தக் கூத்தெல்லாம் பாக்கத்தான் வேணும்!" என்று ஒருவன் கத்தினான். மறுநாளே அக்கா தண்ணீரை நிறுத்திவிட்டார்.

அதற்கு நாங்கள் கொடுத்த பட்டம்தான் ஒட்டகம். நானும் அப்படிக் கூப்பிட்டவன்தான். அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார். "ஒட்டகமாவது பாரம் சுமக்குது. உங்கள மாதிரி நிழல்ல நின்னு பல்லுக் குத்திக்கிட்டா இருக்கு?" என்பார். அந்தப் பொத்தான்கூட அவருடைய முதல் சீருடையிலிருந்து பிய்ந்ததாம். ஆண்களுக்குத் தைத்த சட்டை, நெஞ்சுப் பக்கம் நிற்கவில்லை.

அவர் மகளின் பாடப் புத்தகத்தில் 'இன்றைய பெண்கள்' என்று ஒரு பாடம். தலைக்கவசம் போட்ட ஒருத்தி கிரேனில் உட்கார்ந்து பல் தெரியச் சிரிக்கும் படம். மகள் பெருமையோடு கொண்டுவந்து காட்டினாளாம். மறுநாள் அக்கா என்னிடம் சொன்னார்: "எல்லாம் அழகாத்தான் போட்டிருக்கான் தம்பி. இவ அவசரத்துக்கு எங்க போவான்னு மட்டும் போடல."

ஆறு மாதத்துக்கு முன் ஒருநாள் சாயங்காலம் பூட்ஸைக் கழற்றினார். கால் பொதுபொதுவென்று வீங்கியிருந்தது. கல்லும் கிருமியுமாக ஒரு கிட்னி கெட்டுவிட்டது, மிச்சம் இருப்பதாவது பிழைக்க வேண்டுமானால் நாள் முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "யார்கிட்டயும் மூச்சு விடாத. பாத்தியா, பொம்பளைக்கு ஒத்துக்கலன்னு எறக்கி விட்டுருவானுங்க," என்றார். நான் மூச்சு விடவில்லை. அவரும் பகலில் தண்ணீர் குடிக்கவில்லை.

போன மாதம் இரண்டாவது கிரேனுக்கு ஒரு பெண் வந்தாள். துறுதுறுவென்று இருப்பாள். எங்கே போனாலும் தோளில் நீல நிறத் தண்ணீர் பாட்டில். வந்த முதல் வாரமே, யார்டுக்குள் ஒரு கழிப்பறை வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்துவிட்டாள். மேனேஜர் அவளையும் அக்காவையும், கணக்குச் சொல்ல என்னையும் கூப்பிட்டார்.

"பதினாறு வருஷத்துல அவங்க எத்தன தடவ எறங்கிப் போயிருக்காங்க?" என்று என்னைக் கேட்டார்.

"ஒரு தடவ சார்."

"ஏம்மா, உனக்கு எப்பவாவது இது தேவைப்பட்டுச்சா?"

அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "இல்ல சார். எனக்குத் தேவைப்படல."

மேனேஜர் கையை விரித்தார். எல்லாம் தெரிந்தவன் நான் பக்கத்திலேயே நின்றேன். கணக்கு நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பத்தே நாளில் அந்தப் பெண்ணை அலுவலகத்தில் எழுத்து வேலைக்கு மாற்றிவிட்டார்கள். நேற்று விடைபெற வந்தவள் நீல பாட்டிலை அக்கா கையில் கொடுத்தாள். "இது எனக்கு இனிமே வேண்டாங்க்கா. அங்க பக்கத்துலயே தண்ணி இருக்கு." போகத் திரும்பியவள் நின்றாள். "நீங்களாவது சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

அக்கா ஏணிப் பக்கம் திரும்பினார். மேலே ஏறினார். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு பெட்டி தடாலென்று லாரியில் இறங்கியது. கீழே இருந்த எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.

இன்று காலை இரண்டாவது கிரேனில் வேறொரு ஆள் ஏறிக்கொண்டிருந்தான். அக்கா ஏணியடியில் நின்றார். பழக்கதோஷத்தில் பொத்தானை வாயில் போட்டுக்கொண்டவர், என்ன நினைத்தாரோ, அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஈரமாக இருந்தது. நீல பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து, நடுவில் மூச்சு வாங்கி, மறுபடி அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். காலி பாட்டிலையும் என்னிடமே நீட்டினார்.

"ரொப்பி வை தம்பி. பத்தரைக்கு எறங்குவேன். குறிச்சுக்க."