ஒத்திக்குப் போன முன்னறை

மேலகரத்தில் நான் வாங்கிய வீட்டில் நான்கு அறைகள் இருந்தன. அவற்றில் ஒன்றில்கூட நான் இல்லை. வீட்டுக்காரி நான் என்று பத்திரம் சொன்னது. நானும் அம்மாவும் அடுப்படியில் படுத்துக்கொண்டோம்.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை நான் அடிக்கடி சொல்வதாக அம்மாவுக்குக் குறை. சொல்லாவிட்டால் தெரியாதே என்பது என் கட்சி. நான் சிறுமியாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். நடவுக்கும் களைக்கும் போய் அம்மா என்னைப் படிக்கவைத்தாள். எங்கள் ஓலை வீட்டுக்கு ஒரே அறை. சமையலும் படுக்கையும் ஒரு ஆடும் அதற்குள்தான். நான் படித்த எஸ்.எஸ்.எல்.சி. பாடத்தில் பாதியை அந்த ஆடும் கேட்டிருக்கிறது.

ஆசிரியர் பயிற்சி முடித்து, தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நயா பைசா வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. முதல் சம்பளம் வாங்கி வந்த அன்று, உனக்கு என்ன வேண்டும் என்று அம்மா கேட்டாள். கழுத்துக்கோ காதுக்கோ ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பாள்.

"ஒரு ரூம்" என்றேன்.

"ரூமா? அதை எங்கனட்டி போடுவே, மூக்கிலயா?"

சில வருஷம் கழித்து அந்த வீடு விலைக்கு வந்தது. ஓட்டு வீடு. பின்னால் கிணறு. முன்னறைக்குத் தெருவைப் பார்த்துத் தனிக் கதவு, மேற்கே ஒரு ஜன்னல். தரகர் ஜன்னலைத் திறந்துவிட்டார். மலை முழுவதும் நின்றது, அதன் தலையில் மேகம். அந்த ஜன்னலுக்குக் கீழே ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். மற்ற மூன்று அறைகளையும் நான் சரியாகப் பார்க்கவில்லை.

கையில் இருந்ததும், கூட்டுறவுச் சங்கத்துக் கடனும், அம்மா காதிலிருந்து கழற்றியதும் சேர்ந்து பாதிக்குக் கொஞ்சம் மேல் வந்தது. மீதிக்குத் தரகர் வழி சொன்னார்.

"டீச்சர், வீட்டை வச்சே வீட்டை வாங்கிரலாம். ஒத்திக்கு விடுங்க."

ஒத்தி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் நமக்கு மொத்தமாக ஒரு தொகை தருவார். அதற்குப் பதில் நம் வீட்டில் வாடகை இல்லாமல் குடியிருப்பார். அந்தத் தொகையை நாம் திருப்பிக் கொடுக்கும் நாளில் அவர் காலி செய்வார். தரகர் கூட்டி வந்தவர் தென்காசியில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிற அண்ணாச்சி. மனைவி, இரண்டு பையன்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முன்னறையும் அதை ஒட்டிய அறையும் என்றால் ஒத்திக்குச் சம்மதம், கிணற்றடி அறைகள் வேண்டாம் என்றார்.

எந்த அறைக்காக வீட்டை வாங்க நினைத்தேனோ, அந்த அறையைக் கொடுத்தால்தான் வீட்டை வாங்க முடியும். கணக்கு எனக்குப் புரிந்தது. ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள் நான்.

பத்திரம் எழுதுகிறவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஆம்பிளைய யாரும் வரலையா?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"கையெழுத்துப் போட."

நானே போடுவேன் என்று சொல்லி, தமிழில் ஒன்று போட்டேன். அவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் இங்கிலீஷிலும் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

குடிபுகும் நாளில் ஒரு தவறு செய்தேன். புது வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டும் அல்லவா? அம்மா விதவை. அடுப்புப் பக்கமே வராமல் கிணற்றடியில் போய் நின்றுகொண்டாள். நான் கல்யாணம் ஆகாதவள். புரோகிதர் சுற்றிப் பார்த்தார். ஒத்திக்கார அண்ணாச்சியின் மனைவி மஞ்சள் பூசிய முகமும் பட்டுப்புடவையுமாகத் தயாராக நின்றாள். அரை மணி நேரக் காரியம்தானே, யார் காய்ச்சினால் என்ன என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அவள் காய்ச்சினாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகு தெருவில் அது 'மண்டிக்காரர் வீடு' ஆயிற்று. தபால்காரர் என் கடிதத்தைக்கூட 'மண்டிக்காரர் வீட்டில் இருக்கும் டீச்சர்' என்று விசாரித்துக் கொண்டுவந்து தந்தார். கிணற்றில் எத்தனை வாளி இறைக்கலாம், முற்றத்தில் யார் வடகம் காயப்போடலாம் என்பதையெல்லாம் அண்ணாச்சியின் மனைவிதான் முடிவு செய்தாள்; அவளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். நான் ஏதாவது சொன்னால் ஒரே பதில்தான்.

"இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சுனது நாந்தான டீச்சர்."

ஒத்திப் பணத்தைத் திருப்பினால் அறை என்னுடையது. அதைச் சேர்ப்பதற்குக் கிணற்றடி அறைகள் இரண்டும் இருந்தன. ஆனி பிறந்து சாரல் விழுந்தால் குற்றாலத்துக்குக் கூட்டம் வரும். அங்கே இடம் கிடைக்காதவர்கள் மேலகரம் வரை வருவார்கள். மதுரை, விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பங்கள் குதிரைவண்டியில் வந்து இறங்கி, வாரக் கணக்கில் தங்கி, எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்து, சாப்பிட்டு, தூங்கி, மறுபடியும் எண்ணெய் தேய்ப்பார்கள். தலையில் எண்ணெயோடு சுவரில் சாய்ந்து பேசுவார்கள். சீசன் முடிந்ததும் சுவரைப் பார்த்தால் எந்தக் குடும்பத்தில் யார் என்ன உயரம் என்று தெரியும். நான் சுண்ணாம்பு அடிப்பேன்.

சீசன் இல்லாத மாதங்களில் ஒரு அறையை நெல் மூட்டைக்கும் மற்றதை வத்தல் மூட்டைக்கும் வாடகைக்கு விட்டேன். அதற்கு அடுத்து வந்த சீசன்காரர்கள் தும்மிக்கொண்டே மலைக்காற்றைப் புகழ்ந்தார்கள்.

ஆக, ஆளுக்கு விட்டது போக மூட்டைக்கும் விட்டாயிற்று. எங்களுக்கு அடுப்படி. பிள்ளைகளின் நோட்டுகளை அரிசிப் பெட்டியின் மேல் வைத்துத்தான் திருத்துவேன். சோறு பொங்க அம்மா பெட்டியைத் திறக்கும்போது எழுந்து நிற்க வேண்டும். மேற்கே கருத்தால் விவசாயிக்கு மழை, எனக்கு வாடகை. ஒரு வருஷம் சாரல் சரியாக விழவில்லை. காற்று மட்டும் வந்தது. மலையைப் பார்த்துப் பார்த்து என் கழுத்து வலித்ததுதான் அந்த வருஷத்து மிச்சம்.

அதற்கு அடுத்த சீசன் நன்றாக இருந்தது. ஆவணியில் ஒத்திப் பணம் முழுவதும் சேர்ந்துவிட்டது. அண்ணாச்சி மண்டியிலிருந்து வந்து கால் கழுவும்வரை காத்திருந்து சொன்னேன்.

"அண்ணாச்சி, பணம் தயாரா இருக்கு. வாங்கிக்கிட்டு ரூமைக் கொடுத்திருங்க."

"பணத்துக்கு என்ன அவசரம் டீச்சர்? உங்ககிட்டயே இருக்கட்டும்."

"எனக்கு ரூம்தான் அவசரம்."

"ரூம் எங்கன போயிரப் போகுது? இங்கனதான இருக்கு."

புரட்டாசி பிறந்தது. "புரட்டாசியில யாராவது வீடு மாறுவாவளா? படிச்சவுக நீங்களே கேட்கலாமா?" என்றார். ஐப்பசியில் அடைமழை, சட்டிபானையை நனையவிட முடியாது. கார்த்திகையில் அக்கா முழுகாமல் இருப்பதாகத் தெரியவந்தது.

"வயித்துப்பிள்ளக்காரியை வச்சிக்கிட்டு வீடு மாத்தக் கூடாது டீச்சர். நான் சொல்லல, ஊர் சொல்லுது."

மார்கழிக்கு அவர் காரணமே சொல்லவில்லை. மார்கழி என்றாலே போதும் என்று விட்டுவிட்டார். தையும் மாசியும் வயிற்றுப் பிள்ளையோடு போயின. பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. பங்குனியிலும் வீடு மாறக் கூடாதாம். சித்திரையில் பச்சை உடம்பு. தமிழ் மாதங்களை வரிசையாகப் பாட்டாகச் சொல்லிக்கொடுப்பவள் நான். ஒத்திக்குக் குடிவர எல்லா மாதமும் நல்ல மாதம், காலி செய்ய ஒரு மாதமும் இல்லை என்பது பாடத்தில் இல்லாமல் இருந்தது. வைகாசி ஒன்றுதான் மிச்சம். அதுவும் போனால் ஆனி, ஆடி. மறுபடியும் முதலிலிருந்து.

கோர்ட்டுக்குப் போகலாமா என்று எங்கள் தலைமையாசிரியையிடம் கேட்டேன். "போகலாம். அந்த ரூமில் உன் பேத்தி உட்காருவாள்" என்றார்.

சித்திரைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, குழந்தையைப் பார்க்கிற சாக்கில் முன்னறைக்குள் போனேன். ஜன்னலுக்குக் கீழே, என் மேஜை இருக்க வேண்டிய இடத்தில், தொட்டில் ஆடியது. அக்கா தலைக்குத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்கு வந்திருக்கியன்னு தெரியும். ரூமைக் கேக்கத்தான?"

"ஆமா அக்கா."

"உங்ககிட்ட பத்திரம் இருக்கு, இல்லங்கல. ஆனா பால் காய்ச்சுனது நான். நான் கட்டிக்கிட்டு வந்ததிலிருந்து அஞ்சு வீடு மாறியாச்சு. இங்கனதான் நான் பால் காய்ச்சியிருக்கேன். மத்த வீட்டுல எல்லாம் எவளோ காய்ச்சுன வீட்டுலதான் குடியிருந்தேன்."

அவளுக்கும் எனக்கும் ஒரே வியாதி என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் தொட்டிலை ஆட்டினேன்.

"அக்கா, பாலும் நீங்களே காய்ச்சி, பத்திரமும் நீங்களே வச்சிக்கிட்டா எப்படி இருக்கும்?"

அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா சொல்லி, தென்காசியில் ஒரு சந்தில் ஒரு வீடு விலைக்கு இருப்பது எனக்குத் தெரியும். பெரியவனின் சிலேட்டை வாங்கி அந்த வீட்டைப் படம் போட்டேன். என்னிடமிருந்து திரும்பும் ஒத்திப் பணம் இது. பற்றாத பணம் இது. அதற்குப் படத்தில் இருக்கும் இந்த முன்னறையை ஒத்திக்கு விட வேண்டும். பின்னறையை மாத வாடகைக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இதைவிடப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது கிடையாது. அவளுக்கு ஒரே தடவையில் புரிந்தது.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். நடுச்சுவர் ஓடு வரை எட்டாத சுவர். அடுப்படியில் இருந்த எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"நமக்கு எதுக்கு வீடு? இங்கன வாடகை இல்லாம இருக்கோம்லா?"

"வாடகை இல்லாம இருக்கது பெருமையாக்கும்! கோயில் மாடும் வாடகை இல்லாமத்தான் இருக்கு."

"பச்சை உடம்பு, சும்மா கெட."

"உடம்புதான் பச்சை, புத்தி பழுத்துதான் இருக்கு. நாளைக்கு உம்ம தூக்குனா எங்கனயிருந்து தூக்குவாவ? கல்யாணம் ஆகாத ஒரு பிள்ளையோட வீட்டிலயிருந்தா?"

 பிறகு அண்ணாச்சி, "என்ன விலை சொல்லுதாவளாம்?" என்று கேட்டார். அம்மா அரிசியைக் களைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஒரு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

எந்த மாதமும் சரிப்படாமல் இருந்த அண்ணாச்சிக்கு வைகாசியில் மூன்று முகூர்த்தம் கிடைத்தது. எது நல்லது என்று என்னிடமே வந்து கேட்டார். முதலாவது என்றேன்.

தென்காசியில் அவர்கள் வாங்கிய வீட்டுக்குப் பால் காய்ச்ச எங்களையும் அழைத்திருந்தார்கள். அதன் முன்னறையை ஒத்திக்கு எடுத்த அம்மாள், பட்டுப்புடவையும் மஞ்சள் முகமுமாக அடுப்படி வாசலில் உதவிக்கு வந்து நின்றாள். அக்கா கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, பால் பானையை மறைத்து நின்றாள்.

"நீங்க அங்கன உக்காருங்க. அடுப்புப் பக்கம் வரப்படாது. டீச்சர், நீங்க வாசல்ல நில்லுங்க, யாரும் உள்ள வராம பாத்துக்கிடுங்க."

நின்றேன்.

மறுநாள் மேலகரத்தில் முன்னறை காலியாக இருந்தது. அண்ணாச்சி சாய்ந்த இடத்தில் ஒரு எண்ணெய் வட்டம். இரண்டு கை சுண்ணாம்பு அடித்தும் அது போகவில்லை. அம்மாவிடம் பால் காய்ச்சச் சொன்னேன்.

"நான் காய்ச்சலாமாட்டி?"

"தினமும் காப்பிக்கு யாரு காய்ச்சுதா?"

அம்மா யோசித்தாள். பிறகு காய்ச்சினாள். எந்தப் பக்கம் பொங்குகிறது என்று யாரும் பார்க்கவில்லை. பொங்குவதற்கு முன்பே அம்மா இறக்கி, காப்பி போட்டுவிட்டாள்.

மேஜை ஆனி முதல் வாரத்தில் வந்தது. நாற்காலியை எண்ணெய் வட்டத்தை மறைத்துப் போட்டேன். மேற்கே கருத்து, சாரல் விழுந்தது. கிணற்றடி அறைகள் இரண்டும் அன்றே நிரம்பின. சங்கத்துக் கடன் இன்னும் பாக்கி இருந்தது. அதனால் அம்மா முன்னறை வாசலில் வந்து வந்து நின்றாள்.

"பத்து நாளைக்கு மட்டும் விட்டா என்னட்டி? மேஜையை ஓரமாத் தள்ளிக்கிடலாம்."

நான் கதவைச் சாத்திக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் சாத்திய முதல் கதவு அது. ஜன்னல் வழியாகச் சாரல் வந்து நோட்டுகளில் பட்டது. ஜன்னலைச் சாத்த மனமில்லாமல் நோட்டுகளை நகர்த்தினேன்.

வெளியே ஒரு குதிரைவண்டி வந்து நின்றது. விருதுநகர்ப் பேச்சு. ஒரு ஆண் குரல் இடம் இருக்கிறதா என்று கேட்டது. இல்லை என்றாள் அம்மா.

"இந்த முன்னறை பூட்டிக் கெடக்கே? தெருவப் பாத்துத் தனிக் கதவெல்லாம் இருக்கு. இதக் குடுங்களேன், கேட்ட வாடகை தாரோம்."

நான் பேனாவை நிறுத்தினேன். அம்மா வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

"அது விட்டாச்சு."

"யாருக்கு?"

"ஒரு டீச்சருக்கு."

"டீச்சருக்கா? அவுக என்ன பெரிய வாடகையா தந்திரப் போறாவ? நாங்க ரெண்டு மடங்கு தாரோம்."

"வாடகையா?" என்றாள் அம்மா. "அவ ஒண்ணும் தரமாட்டா. காலியும் பண்ணமாட்டா."

வண்டி குற்றாலத்தைப் பார்த்துப் போயிற்று. நான் நோட்டுகளைத் திருத்தினேன்.