மச்சானின் வேலிக்கு நான் கொடுத்த தவணை

ஒரு பெண்ணின் காணி அவர் கையைவிட்டுப் போனதற்கு நான்தான் காரணம். தெரியாமல் செய்ததல்ல. சட்டம் தெரிந்திருந்தபடியால்தான் செய்ய முடிந்தது.

பள்ளிமுனைக் கரையில் தன் துண்டுக் காணியில் கருவாடு காயப்போட்டுப் பிழைத்தவர் அவர். கணவர் இல்லை. பக்கத்துக் காணிக்காரனான என் மனைவியின் தம்பி, ஒருநாள் அந்தத் துண்டையும் சேர்த்து வேலியடைத்துவிட்டான். அவர் மத்தியஸ்த சபைக்கு வந்தார். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபரான நான் அங்கே மத்தியஸ்தர். உறவு என்று சொல்லி விலகியிருக்க வேண்டும். விலகவில்லை.

காணி யாருடையது என்று தீர்ப்பது மாவட்ட நீதிமன்றம். அது வருடக்கணக்கில் இழுபடும். ஆனால், காணியில் இருந்தவரை வெளியே கலைத்துவிட்டால் நேரே நீதவானிடம் போகலாம். அவர் காணி உறுதிப் பத்திரத்தைப் பார்ப்பதில்லை. வழக்குக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் கலைக்கப்பட்டவர் என்றால் திரும்ப இருத்திவிடுவார். அந்தக் காலம் கடந்தால் வேலிக்குள் இருப்பவனுக்கே சாதகமாகக் கட்டளை.

"சேர், நான் கோட்டுக்குப் போகட்டோ?" என்று கேட்டார்.

"அவசரப்படாதேங்கோ பிள்ளை. முதல் இஞ்சை பேசி முடிப்பம்."

மச்சான் வராத ஒவ்வொரு முறையும் விசாரணையைத் தள்ளிவைத்துத் தவணை கொடுத்தேன்.

"அத்தான், இன்னும் எத்தினை தரம் எனக்குக் காய்ச்சல் வரவேணும்?" என்று வீட்டில் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அவர் நீதவானிடம் போனபோது காலம் கடந்திருந்தது. கட்டளை மச்சானுக்கு. அதன்பிறகு அவர் ஒரு மீன்வாடியில் கூலிக்கு மீன் வெட்டினார். கோயில் வாசலில் என்னைக் கண்டு, "நீங்கள் எனக்காக எவ்வளவோ பாடுபட்டனீங்கள் சேர்" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் வாடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப, அந்தக் காய்ச்சல்?"

"பொய்."

கத்தியை வைக்காமலே கேட்டார்: "இதைக் கோட்டிலை வந்து சொல்லுவீங்களோ?"

"ஓம்."

சபையிலிருந்து விலகினேன். மாவட்ட நீதிமன்றத்தில் அவர் போட்ட வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறினேன். சபையில் பேசியதை அங்கே சாட்சியமாக எடுக்கமாட்டார்கள். ஆகவே என் குற்றம் எந்தப் பதிவிலும் ஏறவில்லை. அந்த மண்ணில் அவர் கருவாடு போட்டதையும், வேலி பிறகு வந்ததையும் மட்டும் சொன்னேன்.

தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. மச்சான் மேன்முறையீடு செய்திருக்கிறான். எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. மனைவியும் என்னோடு அளவாகத்தான் பேசுகிறாள். காணி இன்னும் அவர் கைக்கு வரவில்லை. வாடியில் உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவருக்குக் கால் வீங்கிவிட்டது. காணி கிடைக்கும் நாளில் அவரால் அங்கே வேலை செய்ய முடியுமோ தெரியாது.