டொராண்டோவிலிருந்து வரவேண்டிய தாய்மாமன்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் விமான டிக்கெட் போடும் வேலைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. நான் நேரில் பார்த்த ஒரே வெளிநாடு சிங்கப்பூர். அதுவும் பஸ்ஸில் போனது. ஆனாலும் உலகத்தின் தூரங்களை என்னிடம்தான் கேட்கிறார்கள்.

போன வருடம் கிள்ளானிலிருந்து சரோஜா அக்கா வந்தார். மகளுக்கு ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம். தம்பிக்குக் கனடாவில், டொராண்டோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. தாய்மாமன் நெற்றிப் பட்டம் கட்டினால்தான் பெண் மணவறைக்கு வருவாள். அது அவர்கள் வீட்டு வழக்கம்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணி ஃப்ளைட் போடுங்க பாஸ். சனிக்கிழமை சாயங்காலம் இங்க இருப்பான்."

"எப்படிக்கா?"

கைபேசியை நீட்டினார். இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டால் தூரம் சொல்லும் இணையதளம். பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, பதினேழு மணி நேரம் என்றிருந்தது.

"இது நேர்கோட்டுக் கணக்குக்கா. அப்படி நேரா வர்ற ப்ளேன் கிடையாது. நடுவுல ஒரு ஊர்ல இறங்கி மாறணும். எல்லாம் சேர்த்து ஒரு நாள் வெச்சுக்குங்க."

"சரி, சனிக்கிழமை ராத்திரி பத்து. அப்பவும் ஒரு ராத்திரி மிச்சம் இருக்கு லா."

"ரெண்டு ஊருக்கும் நேர வித்தியாசம் இருக்கேக்கா."

"எங்க இருக்கு? தெனம் அவனோட பேசறேன். இங்க எட்டுன்னா அங்கயும் எட்டு."

அவர் சொன்னதும் சரிதான். கனடாவின் கோடைக்காலத்தில் இரண்டு ஊருக்கும் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். கடிகார முட்கள் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

"இங்க காலையில எட்டுன்னா, அங்க முந்தின நாள் ராத்திரி எட்டு. அந்தப் பன்னிரண்டையும் கூட்டுங்க."

விரல்விட்டுக் கூட்டினார். ஞாயிறு காலை பத்து. தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்கியிருக்கும். அதுவரை நின்றே பேசியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"வியாழக்கிழமையே கெளம்புடா."

"வெள்ளிக்கிழமை லீவு தர மாட்டாருக்கா சூப்பர்வைசர். ஏற்கெனவே ஆள் பத்தல."

"அவரு நம்பரக் குடு. நான் பேசறேன்."

"அவரு வெள்ளைக்காரருக்கா. நீ எப்படிப் பேசுவ?"

"தமிழ்லதான். லீவு குடுக்கற வரைக்கும் பேசுவேன்."

தம்பி அவசரமாகக் குறுக்கிட்டார்.

"வேணாம்க்கா. நானே கேட்கறேன்."

லீவு கிடைத்துவிட்டது என்று மறுநாள் அக்கா சொன்னார். வியாழக்கிழமை இரவு ஃப்ளைட்டுக்கு டிக்கெட் போட்டேன்.

கல்யாணத்துக்கு நானும் போனேன். மாமன் சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார். பகல் முழுக்கத் தூங்கி, இரவு முழுக்க விழித்திருந்து, முகூர்த்தம் நெருங்கும்போது முதல் வரிசையில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அக்கா தோளைப் பிடித்து நிமிர்த்தி மணமகள் முன் கொண்டுபோய் நிறுத்தினார். மாமன் பட்டத்தை மிகுந்த பொறுப்புடன் வாங்கி, பக்கத்தில் நின்ற தோழியின் நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"இவ இல்லடா, அவ" என்று அக்கா கையைத் திருப்பிவிட்டார்.

மணமகள் சிரித்துத் தலையை ஆட்டியதில் பட்டம் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது. இருந்தாலும் மாமன் கட்டியது. பெண் மணவறைக்கு நடந்தாள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். விசேஷத்துக்குப் போகிறவரிடம் எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்கும்போதே, எத்தனை மணிக்கு விழித்திருக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.